பொதுச்சுவரு இடிஞ்சா பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து: தெருவையே காப்பாற்றிய புதுச்சேரி

சங்கரன்கோவில்:

நெல்லை, தென்காசி மாவட்ட ஊர்களில் திண்ணை வச்ச பழைய வரிசை வீடுகள் ஒண்ணு ஒண்ணா இடிபட்டு வருகின்றன. பாகப்பிரிவினை ஆனதும் முதலில் போவது திண்ணை, அடுத்து முற்றம். ஆனால் புதுச்சேரியில் ஒரு தெருவே சேர்ந்து இதுபோன்ற வீடுகளை காப்பாற்றி இருக்கிறது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

வைசியாள் வீதி

புதுச்சேரி பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருப்பது தமிழர் பகுதி. அங்குள்ள கால்வே சுப்பராய செட்டி வீதியைத்தான் மக்கள் வைசியாள் வீதி என்கிறார்கள். வீடுகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர்.

தெருவை ஒட்டி மரத்தூண் தாங்கும் தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்கலாம். அடுத்து திண்ணை, செதுக்கு வேலை செய்த கதவு, உள்ளே முற்றம். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழி இல்லாததால் காற்றும் வெளிச்சமும் முற்றம் வழியாகத்தான் வரணும். முற்றத்தை மூடினால் வீடே இருட்டு. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் பாணி, மாடி பிரெஞ்சு பாணி.

யுனெஸ்கோ விருது

2002 முதல் 2004 வரை ஐரோப்பிய யூனியன் உதவியுடன் 'ஆசியா அர்ப்ஸ்' என்ற திட்டத்தில் இந்த தெரு சீரமைக்கப்பட்டது. இன்டாக் அமைப்பு வேலையை முன்நின்று செய்தது. பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ, இத்தாலியின் உர்பினோ நகரங்களும் கைகோர்த்தன. ஒரு வீட்டை மட்டும் அழகாக்காமல் வரிசையாக முகப்புகளை சரி செய்ததுதான் இதில் விசேஷம். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

சிமெண்ட் பூசாதீங்க

பழைய வீடு வச்சிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது:

* சுண்ணாம்புக் காரை சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாது. பூச்சு பெயரும், செங்கல் அரிக்கும். சுண்ணாம்புக் காரையே பூசணும்.

* மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மட்டப்பாவு தளத்தில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்துப்போகும்.

* ஒரு வீட்டை இடிக்கும்போது பொதுச்சுவருக்கு முட்டு கொடுக்கணும். இல்லாவிட்டால் பக்கத்து வீடு விரிசல் விடும்.

தமிழ்நாட்டில் 2012-ல் மரபு ஆணைய சட்டம் இயற்றப்பட்டது. ஆனாலும் நம்ம ஊரு தெருவில் அண்ணன் பாகத்தை இடித்தால் தம்பி பாகமும் சேர்ந்து ஆடும். கடப்பாரையை எடுக்கும் முன்னாடி பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு பேசுவது நல்லது.