பயிற்சியில் இறந்தவனின் தாய்

புறநானூற்றின் 278-ஆம் பாட்டில் ஒரு முதியவள், மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்டு வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அடுத்த பாட்டில், பிறந்த வீட்டு ஆணையும் கணவனையும் போரில் கொடுத்துவிட்ட ஒருத்தி, ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வேலைக் கையில் தந்து அனுப்புகிறாள். பாடியவர்கள் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் ஒக்கூர் மாசாத்தியாரும். இருவருமே பெண்கள் என்பது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

மன்னவனூரிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி இந்த வகுப்பில் கேட்டாள்: "போருக்கே போகாம பயிற்சியிலேயே செத்துட்டா, அது எந்தத் துறைங்க மேடம்?" அவள் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான்.

அதற்குத் துறை இல்லை. புறத்திணைக்குப் பகைவன் வேண்டும், புண் மார்பில் இருக்க வேண்டும். தன் படையின் தவறால் மடிந்தவனுக்கு அங்கே இடமில்லை. அவன் தாய்க்கும் இல்லை.

அவள் அண்ணனாவது விரும்பிச் சேர்ந்தவன். இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் உண்டு. 1967 முதல் அங்கே 'தேசிய சேவை' ஆண்களுக்குக் கட்டாயம். இப்போது முழுநேரமாக இரண்டு ஆண்டுகள். குடியுரிமை பெற்றவர்களின் மகன்கள் மட்டுமல்ல, நிரந்தரவாசிகளின் மகன்களும் போக வேண்டும். வேலைக்காக மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போய்க் குடியேறிய வீடுகளிலும் அந்தக் கடிதம் வருகிறது. பெண்களுக்குக் கட்டாயம் இல்லை. அவர்களுக்கு அரசு ஒதுக்கியிருப்பது பழைய வேலைதான்: தலைவாரி அனுப்புவது.

2012 ஏப்ரல் 17 அன்று லிம் சூ காங் பகுதியில் நடந்த பயிற்சியில் டொமினிக் சாரோன் லீ என்ற 21 வயது இளைஞர் மூச்சுத் திணறி விழுந்து இறந்தார். அவருக்கு ஆஸ்துமா இருந்தது. பாதுகாப்பு விதிப்படி இரண்டுக்கு மேல் கூடாத புகைக்குண்டுகளைப் பிளட்டூன் அதிகாரி ஆறு வீசியிருந்தார். விசாரணைக் குழுவின் இந்த முடிவை அதே ஆண்டு நவம்பரில் தற்காப்பு அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். புகையிலிருந்த துத்தநாகக் குளோரைடால் ஏற்பட்ட கடும் ஒவ்வாமையே காரணம் என்று மரண விசாரணையில் பின்னர் தெரிந்தது.

ஆறு எறிந்தார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. இருந்தும் குடும்பம் தொடுத்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை. 2016 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரணம், அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. பணியின்போது நேர்ந்த மரணம், ஓய்வூதிய விதிப்படி இழப்பீட்டுக்கு உரியது என்று அரசு சான்றளித்துவிட்டால், படையையோ பணியிலிருந்த அதிகாரியையோ அலட்சியத்துக்காக வழக்கில் இழுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பழைய பாட்டுகள் திரும்ப நினைவுக்கு வருகின்றன. 'பணியில் மாண்டான்' என்பது மரியாதைச் சொல். அதே சொல்தான் நீதிமன்றக் கதவுக்குப் பூட்டாகவும் ஆகிறது. களத்துக்குப் போய்ப் பிணம் புரட்டிய தாய் அறிய விரும்பியது மகனுக்குக் காயம் எங்கே என்று. சிங்கப்பூர்த் தாய் பொதுவெளியில் எழுதிக் கேட்டது, காயத்துக்குப் பொறுப்பு யார் என்று. முதல் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டாகப் புகழ். இரண்டாவதற்கு 22,000 வெள்ளி வழக்குச் செலவு.

இந்த விலக்கு சிங்கப்பூர் தானே கண்டுபிடித்ததல்ல. பிரிட்டன் 1947-இல் தன் அரசுக்கெதிரான வழக்குகளுக்கான சட்டத்தில் 10-ஆம் பிரிவாக இதை வைத்தது. குடியேற்ற நாடுகள் எடுத்துக்கொண்டன. 1987-இல் பிரிட்டன் அதன் செயல்பாட்டை நிறுத்தி, படைவீரரின் குடும்பத்துக்கு வழக்குரிமையைத் தந்துவிட்டது. கொடுத்தவன் வீட்டில் கழற்றிவிட்ட பூட்டு, வாங்கியவன் வீட்டில் அப்படியே தொங்குகிறது.

2019 ஜனவரியில் நியூசிலாந்தில் பயிற்சியின்போது பீரங்கியின் குழலுக்கிடையில் சிக்கி, மறுசேவைக்கு அழைக்கப்பட்டிருந்த நடிகர் அலோசியஸ் பாங் இறந்தார். பயிற்சிகளின் வேகம் குறைக்கப்பட்டது. பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் வந்தது. 14-ஆம் பிரிவைத் தொடவில்லை.

அந்த 22,000 வெள்ளியைப் பின்னர் அமைச்சு கேட்காமல் விட்டுவிட்டது.