மறைவானதை வெளிக்கொணர்தல்: மீடியா நகர் நிகழ்ச்சியும் கிறிஸ்தவ மனச்சாட்சியும்

அரசாங்கம் மறைத்து வைத்திருக்கும் ஒன்றைச் சட்டத்தை மீறி வெளிப்படுத்துவது கிறிஸ்தவருக்குத் தகுமா என்னும் வினா எழும்போது, ரோமர் 13ஆம் அதிகாரத்தை ஒருபுறமும் அப்போஸ்தலர் 5:29ஐ மறுபுறமும் நிறுத்தி வழக்காடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு பெரும்பாலும் வசனங்களில் தொடங்கி வசனங்களிலேயே முடிந்துவிடுகிறது. வசனங்கள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயினும், அவற்றைக் கையிலேந்தி உண்மையில் முடிவெடுக்க வேண்டியிருந்த மனிதர் என்ன செய்தனர், அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதையும் வரலாறு பயில்வோர் கேட்டாக வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த மீடியா என்னும் சிறு நகரில் 1971ஆம் ஆண்டு நடந்த ஒரு களவை இதன் பொருட்டு எடுத்துக்கொள்கிறோம். களவு என்றே அதைச் சொல்ல வேண்டும். மென்மையான சொல்லொன்றைத் தேடுவதால் பயனில்லை. அதில் ஈடுபட்ட எண்மருள் ஒருவர் மெதடிஸ்து சபையில் குருப்பட்டம் பெற்ற போதகர். பேராயர் ஒருவரின் மகன். பல்கலைக்கழகத்தில் சமயவியல் கற்பித்தவர்.

எஃப்.பி.ஐ. எனப்படும் நடுவண் புலனாய்வுத் துறையின் இயக்குநராக ஜே. எட்கர் ஹூவர் 1924இல் பொறுப்பேற்றார். 1972 மே மாதத்தில் இறக்கும்வரை, 48 ஆண்டுகள், அப்பதவியை விட்டு அவர் இறங்கவில்லை. குடியரசுத் தலைவர்கள் வந்தனர், போயினர்; ஹூவர் இருந்தார். அவர் கேட்ட பணத்தைச் சட்டமன்றத்தார் மறுப்பது அரிது. 1970 நவம்பர் 27ஆம் நாள் செனட் சபையின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் முன் தோன்றிய அவர், மேலும் 1,000 புலனாய்வாளருக்குப் பணம் கேட்டார். அத்தேவையை நிலைநாட்ட அவர் எடுத்துக்காட்டியது யாரை என்பது நமக்கு வியப்பளிக்கும். வியட்நாம் போரை எதிர்த்ததற்காக ஏற்கெனவே சிறையிலிருந்த டேனியல் பெரிகன், பிலிப் பெரிகன் என்னும் இரு கத்தோலிக்கக் குருமார், அரசு உயர் அலுவலர் ஒருவரைக் கடத்தச் சதி செய்கின்றனர் என்றார். இக்குற்றச்சாட்டு 1972இல் ஹாரிஸ்பர்க் நகரில் விசாரிக்கப்பட்டபோது சான்றாயர் சதிக்குற்றத்தில் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. அரசின் பெருஞ்சான்று, சிறைக்குள் பிலிப் பெரிகனின் கடிதங்களைக் கொண்டு செல்வதாக நடித்துத் துறையிடம் காட்டிக்கொடுத்த கைதி ஒருவனே. அச்சமே வரவுசெலவுத் திட்டத்திற்கு ஆதாரமாயிற்று. அச்சம் குறைந்தால் பணமும் குறையும்.

இப்பணத்தின் கணக்கைக் குடிமக்கள் கேட்கலாமா? அரசுப் பணத்தின் வரவையும் செலவையும் காலந்தோறும் வெளியிட வேண்டுமென்று அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் உறுப்பு கட்டளையிடுகிறது. அதை நம்பி, சி.ஐ.ஏ.யின் செலவுக் கணக்கை வெளியிடுமாறு பென்சில்வேனியாவைச் சேர்ந்த வரிசெலுத்துபவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1974இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், வரிசெலுத்துபவர் என்ற முறையில் அவ்வழக்கைக் கொண்டுவர அவருக்கு உரிமை இல்லையென்று தள்ளிவிட்டது. உளவுத்துறைகளின் மொத்தச் செலவு 1997இல்தான் முதன்முறையாக அரசால் ஒப்புக்கொள்ளப்பட்டது. அத்தொகை 2,660 கோடி டாலர். உட்கணக்கோ 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் கொண்டுவந்த தாள்களின் வழியாகவே வெளிவந்தது. அப்போது தொகை 5,260 கோடி டாலராக வளர்ந்திருந்தது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பற்றி ஒருவரும் குறைகூறாதபடி, தீத்துவுடன் வேறொரு சகோதரனையும் பவுல் அனுப்பி வைத்ததை நாம் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்று, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டுமென்பது அங்கே அவர் காட்டும் காரணம். கணக்குக் காட்டுதலை இறையியலுக்குப் புறம்பான அலுவலகக் காரியமாக நம்மவர் எண்ணுவது ஏனோ தெரியவில்லை.

இனி மீடியா நகருக்கு வருவோம். ஹாவர்போர்ட் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த வில்லியம் டேவிடன், போர் எதிர்ப்பு இயக்கங்களுள் ஒற்றர் புகுந்துவிட்டனர் என்ற ஐயம் நண்பர்களிடையே பரவியிருப்பதைக் கண்டார். ஒருவரையொருவர் நம்ப இயலாத நிலையில் எந்த இயக்கமும் நிலைபெறாது. ஆனால் ஐயத்தை வைத்துக்கொண்டு எவரிடம் முறையிடுவது? சான்று வேண்டும், சான்றோ துறையின் அலுவலக அலமாரிகளில் இருந்தது. எனவே சிறு கிளை அலுவலகம் ஒன்றில் புகுந்து அதை எடுப்பதென முடிவு செய்து, சிலரைத் தனித்தனியே கேட்டார். அவர் கேட்டோருள் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் சமயவியல் பேராசிரியர் ஜான் ரெய்ன்சும் அவர் மனைவி போனியும் இருந்தனர்.

ரெய்ன்ஸ் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் பயின்றவர். 1961இல், நிறப்பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துகளில் தென்மாநிலங்களுக்குச் சென்ற விடுதலைப் பயணிகளுடன் சேர்ந்து, ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் கைதானவர். சட்டத்தைக் காப்பவரே அநீதியைக் காப்பவராகவும் இருக்கக்கூடும் என்பதை அவர் அங்கே கண்ணாரக் கண்டார். தம்பதியருக்கு அப்போது மூன்று குழந்தைகள். மூத்தவளுக்கு எட்டு வயது. தாங்கள் இருவரும் சிறை செல்ல நேர்ந்தால் குழந்தைகளை வளர்க்குமாறு உறவினரிடம் ஏற்பாடு செய்துகொண்ட பின்னரே அவர்கள் இசைந்தனர். போனி, பெண்களுக்கு அத்துறையில் வேலைவாய்ப்பு எப்படி என்று ஆராயும் கல்லூரி மாணவியாகத் தம்மைக் கூறிக்கொண்டு அலுவலகத்திற்குச் சென்றார். கையுறையைக் கழற்றாமலே குறிப்பெழுதி, அபாய மணி ஏதும் பொருத்தப்படவில்லை என்பதைக் கண்டறிந்து திரும்பினார். பொய் சொல்லி உள்ளே நுழைந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எபிரெய மருத்துவச்சிகளைப் பற்றி யாத்திராகமத்தின் முதலாம் அதிகாரத்திற்கு விளக்கம் எழுதியவர்கள் பட்ட பாட்டையே இங்கும் பட வேண்டியிருக்கிறது.

1971 மார்ச்சு 8ஆம் நாள் இரவு முகமது அலியும் ஜோ பிரேசியரும் நியூயார்க்கில் குத்துச்சண்டையிட்டனர். நாடே வானொலியருகில் அமர்ந்திருக்கும் என்பதால் அந்த இரவைத் தெரிந்துகொண்டனர். நூற்றுக்கணக்கில் அள்ளிய தாள்களைப் பெட்டிகளில் நிரப்பி, நகருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டிற்குக் கொண்டு சென்றனர்; ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆவணங்கள். ஏறத்தாழ பத்து நாட்கள் அவற்றைப் படித்துப் பிரித்தனர். அன்றாட நடைமுறைத் தாள்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, எஞ்சியவற்றுள் நூற்றுக்கு 40 பங்கு அரசியல் வேவு பற்றியது. அவற்றுள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை இடதுசாரியினரையும் சீர்திருத்தத்தாரையும் குறித்தவை. வலதுசாரியினரைக் குறித்தவை இரண்டே. பெருங்குற்றக் கும்பல்களைப் பற்றியனவோ நூற்றுக்கு ஒரு பங்கு. கல்லூரியொன்றின் தொலைபேசி இணைப்பாளரும் தபால்காரரும் தகவல் தந்திருந்தனர். கறுப்பின மாணவர் சங்கங்கள் எல்லாவற்றையும் கண்காணிக்கக் கட்டளை இருந்தது. ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னும் துறையின் ஆள் நிற்கிறான் என்ற மருட்சியை எதிர்ப்பாளரிடையே வளர்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அறிவுறுத்தியது. டேவிடன் ஐயுற்றது சரியே. ஐயத்தை விளைவிப்பதே அங்கு நோக்கமாயிருந்தது.

ஆவணங்களின் நகல்கள் இரு சட்டமன்ற உறுப்பினருக்கும் பத்திரிகையாளர் சிலருக்கும் அஞ்சலில் சென்றன. உறுப்பினர் இருவரும், போரை வெளிப்படையாக எதிர்த்தவர்களாயிருந்தும், பெற்றவற்றைத் துறையிடமே திருப்பிக் கொடுத்தனர். வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டில் அவை பெட்டி மெட்ஸ்கர் என்னும் அம்மையாரின் கைக்கு வந்தன. அவர் முன்னர் பிலடெல்பியா நாளேடொன்றில் சமயச் செய்திகளை எழுதியவர். ரெய்ன்ஸ் அவரை அறிந்திருந்தார், ஆனால் அனுப்பியவர் யாரென்பது அவருக்குத் தெரியாது. வெளியிட வேண்டாமென்று அரசின் தலைமை வழக்கறிஞர் கேட்டுக்கொண்டும், மார்ச்சு 24ஆம் நாள் இதழில் அவை வெளிவந்தன.

தாள்களுள் ஒன்றில் 'காயின்டெல்ப்ரோ' என்ற புரியாத சொல்லொன்று காணப்பட்டது. கார்ல் ஸ்டெர்ன் என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர் அதன் பொருளைக் கேட்டு நீதிமன்றம் சென்று, 1973 டிசம்பரில் விடை பெற்றார். 1956 முதல் 1971 வரை, குடிமக்களின் அமைப்புகளைக் குலைப்பதற்கென்றே நடத்தப்பட்ட இரகசியத் திட்டம் அது. 1975இல் பிராங்க் சர்ச் தலைமையில் அமைந்த செனட் குழு அத்திட்டத்தை ஆராய்ந்தது. கிளர்ச்சிக்காரரென்று கருதப்பட்டோரிடையே ஒற்றர்களை வைத்திருப்பதற்கு 1976ஆம் நிதியாண்டில் ஒதுக்கிய தொகை 74 இலட்சம் டாலர் என்றும், பெருங்குற்றக் கும்பல்களிடையே ஒற்றர்களுக்கு ஒதுக்கியதைவிட இது இருமடங்குக்கும் மேல் என்றும் அக்குழு கண்டது.

போதகர்களாகிய நமக்கு அக்குழுவின் அறிக்கையில் மிகவும் உறுத்துவது மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிய பகுதி. அவர் தங்கிய அறைகளில் ஒலிவாங்கிகளை மறைத்து வைத்தனர். பதிவு செய்த நாடாவுடன், தற்கொலையைத் தூண்டுவதாகக் கிங் கருதிய பெயரில்லாக் கடிதமொன்றை 1964 நவம்பரில் அவருக்கு அனுப்பினர். இவை பலரும் அறிந்தவை. திருச்சபைத் தலைவர்களிடம் துறையினர் சென்றதோ அவ்வளவாக அறியப்படவில்லை. பாப்பரசர் ஆறாம் பவுல் கிங்கைச் சந்திக்காதபடி கத்தோலிக்கக் கர்தினால் ஒருவர் வழியாக முயன்றனர், அது பலிக்கவில்லை. தேசியத் திருச்சபைகள் மன்றத்தின் அலுவலரிடமும் கிங்கின் தனிவாழ்வைப் பற்றி அந்தரங்கமாகப் பேசினர். மன்றத்தின் பணம் இனி அவருக்குச் செல்லாது என்று உறுதி கிடைத்ததாகத் தம் குறிப்பில் எழுதியும் வைத்தனர். ஒற்றறிந்தவற்றைப் 'பெரியவர்களிடம் மட்டும்' காதோடு சொல்லும்போது, கேட்டவர் கேட்ட அளவிலேயே உடந்தையாகிவிடுகிறார். சபை நிர்வாகத்தில் இருந்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

இப்போது கடினமான வினாவுக்கு வருகிறோம். அநீதியான சட்டத்தை மீறுவோர் அதை வெளிப்படையாக மீறித் தண்டனையை மனமுவந்து ஏற்க வேண்டும் என்பது கிங்கின் போதனை. பெரிகன் சகோதரர் உள்ளிட்ட ஒன்பதின்மர் 1968இல் கேட்டன்ஸ்வில் நகரில் படைச்சேர்ப்பு ஆவணங்களை எரித்துவிட்டு, காவலர் வரும்வரை ஜெபித்து நின்றனர். மீடியாவிற்கு மூன்று மாதங்களுக்குப்பின் வியட்நாம் போர் பற்றிய இரகசிய வரலாற்றை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க்கும் தாமாகவே சரணடைந்தார். மீடியாவின் எண்மரோ ஒளிந்துகொண்டனர். பிடிபடாதிருக்க வேண்டுமென்றே திட்டமிட்டனர். அப்படியாயின், அவர்களைச் சாட்சிகள் என்று நாம் அழைக்கலாமா?

அழைக்கலாம் என்றே நாம் கருதுகிறோம், எனினும் தயக்கமின்றி அன்று. வெளிப்படையாய்ச் சரணடைபவரின் வலிமை, அவர் மீறிய சட்டத்தின் அநீதி எல்லார் கண்ணுக்கும் தெரிவதில் இருக்கிறது. மீடியாவில் அநீதியே மறைவாயிருந்தது. சரணடைந்திருந்தால் நாட்டின் பேச்சு எண்மரைப் பற்றியதாக மாறியிருக்கும். ஹாரிஸ்பர்க்கில் நடந்தது அதுவே. தங்களை மறைத்ததனால் தாள்களையே பேசவிட்டனர். மேலும், எடுத்ததையெல்லாம் வீதியில் கொட்டவில்லை. குற்ற விசாரணைகளைப் பற்றியவற்றைத் தனியே பிரித்து ஒதுக்கி, அரசியல் வேவு பற்றியவற்றையே வெளியிட்டனர். அந்தப் பத்து நாட்கள் களவு நடந்த இரவைவிட முக்கியமானவை என்று நமக்குத் தோன்றுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் செய்த சதியைக் கேள்விப்பட்ட பவுலின் சகோதரி மகன், அதை ஊரெங்கும் பரப்பாமல், தடுக்கக்கூடியவனிடம் கொண்டுபோய்ச் சொன்னதை அப்போஸ்தலர் 23இல் காண்கிறோம். அவ்விளைஞனுக்குச் செவிகொடுக்க ஒரு சேனாபதி இருந்தான். டேவிடனுக்கு அப்படியொருவர் இருந்தாரா? தாள்களைத் திருப்பிக் கொடுத்த இரு உறுப்பினர்களே இதற்கு விடை.

தயக்கம் எங்கே எனில், ஒளிந்தவருக்காகப் பிறர் அடிபட்டதில். ஏறத்தாழ இருநூறு புலனாய்வாளர் குற்றவாளிகளைத் தேடினர். பிலடெல்பியாவில் போர் எதிர்ப்பாளர் பலர் வாழ்ந்த பவல்டன் பகுதியில் மாதக்கணக்கில் வீடுகளை நோட்டமிட்டனர். ஒரு வீட்டின் கதவை உடைத்துப் புகுந்தனர். அப்பகுதி மக்கள் அஞ்சி ஒடுங்காமல், வீதியில் ஒரு சந்தை விழாவே நடத்தித் துறையைக் கேலி செய்தனர் என்பது உண்மைதான். ஆயினும் தாங்கள் செய்யாத செயலுக்கான சுமையைச் சுமந்தவர்கள் அவர்களே. இதைப் பற்றி எண்மரைப் புகழ்வோர் பெரும்பாலும் பேசுவதில்லை.

தேடல் கேம்டன் நகரிலும் போய் முடிந்தது. 1971 ஆகஸ்டில் அங்கே படைச்சேர்ப்பு அலுவலகத்தில் புகுந்தோரைத் துறையினர் பிடித்தனர். குழுவினரின் நண்பர் ஒருவரே ஒற்றராயிருந்து, துறையின் பணத்தில் கருவிகளும் வாங்கிக் கொடுத்திருந்தார். வழக்கு நடக்குமுன் அவருடைய சிறு மகன் விபத்தில் காயமுற்று இறந்தான். அடக்க ஆராதனையை நடத்தியவர், அவரால் காட்டிக்கொடுக்கப்பட்டோருள் ஒருவராகிய மைக்கேல் டாயில் என்னும் குருவானவர். பின்னர் அத்தந்தை நீதிமன்றத்தில் துறையின் பங்கை வெளிப்படுத்திக் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காகச் சாட்சி சொன்னார். 1973 மே மாதத்தில் அவர்களெல்லாரும் விடுவிக்கப்பட்டனர். வேலை செய்த இடத்தின் மறைவை ஒருவன் வெளிக்கொணர்வது எவ்வாறு நேரிடுகிறது என்று கேட்போருக்கு, நாம் இந்த அடக்க ஆராதனையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாண்டுக் காலவரம்பு முடிந்ததும் 1976 மார்ச்சில் மீடியா வழக்கின் கோப்பு மூடப்பட்டது. அது 33,000 பக்கங்களுக்கு மேல் வளர்ந்திருந்தது. எவரும் பிடிபடவில்லை. ரெய்ன்ஸ் தம் வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தார். 1989இல் பெட்டி மெட்ஸ்கர் அவர்கள் வீட்டில் விருந்துண்ண வந்தபோது, தம்பதியரின் கடைசி மகள் அங்கே வந்தாள். முன்னொரு காலத்தில் எஃப்.பி.ஐ.யைப் பற்றி மக்கள் அறிய வேண்டிய செய்தி தங்கள் கையிலிருந்தபோது அதை இவரிடந்தான் கொடுத்தோம் என்று ரெய்ன்ஸ் மகளிடம் சொன்னார். பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் மெட்ஸ்கர் அதை முதன்முறையாகக் கேட்டது அப்போதுதான். அவர் எழுதிய நூல் 2014 ஜனவரியில் வெளிவந்தது. டேவிடன் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார்.