முயலை இழந்தவர்கள்

அமெரிக்காவில் டெலிவிஷனுக்கென்றே பிறந்த முதல் கார்ட்டூன் தொடரின் கதாநாயகன் ஒரு முயல். 'குருசேடர் ராபிட்' என்று பெயர். அவனுக்குத் தோழன் ஒரு புலி. முயல் சூரன், புலி சாது! இந்த ஒரு யோசனைக்கே சபாஷ் போடலாம்.

சிருஷ்டித்தவர் அலெக்ஸ் ஆண்டர்சன். அவருடைய மாமா பால் டெர்ரி சினிமாக் கார்ட்டூன் உலகில் பெரும் புள்ளி. டெலிவிஷனுக்குப் படம் எடுக்கலாமா என்று மருமகன் கேட்டபோது, தம் படங்களை வெளியிடும் ஃபாக்ஸ் கம்பெனிக்குக் கோபம் வருமே என்று மாமா கையை விரித்துவிட்டார். ஆண்டர்சன் கலிபோர்னியாவுக்குத் திரும்பி, பால்ய சிநேகிதர் ஜே வார்டைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். வார்டு வீடு, மனை வியாபாரம் செய்தவர். பெர்க்லியில் ஒரு கார் ஷெட்டே சித்திரசாலை ஆயிற்று.

சினிமாவில் விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. அத்தனைக்கும் வரைந்து தள்ளப் பணம் ஏது? முயலை நிற்கவைத்துவிட்டுக் கதையைக் குரலால் நகர்த்தினார்கள். கண் சிமிட்டும், வாய் அசையும்; மீதியைக் கதை சொல்பவர் பார்த்துக்கொள்வார். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஏற்பாட்டில் தனிப் பிரியம் உண்டு என்பதை மறைப்பானேன்? ஓர் அத்தியாயம் சுமார் 4 நிமிஷம். ஆபத்தான கட்டத்தில் 'தொடரும்'. நம் வாரப் பத்திரிகைத் தந்திரமேதான்!

1950-ல் ஒளிபரப்பு ஆரம்பம். 195 அத்தியாயங்களோடு வேலை நின்றது. குழந்தைகளுக்கு அலுத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பழைய அத்தியாயங்களையே நிலையங்கள் திரும்பத் திரும்பக் காட்டின. நடுவிலிருந்து படங்களை விற்றுவந்த ஜெர்ரி ஃபேர்பாங்க்ஸுக்குப் பண நெருக்கடி. படங்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஷல் பான்ஸல் என்பவரிடம் போய்ச் சேர்ந்தன. வழக்காடியும் முயல் திரும்பவில்லை. பின்னால் பான்ஸல் வர்ணத்தில் புதிய முயல் படங்களே எடுத்தார். பெற்றவர்களுக்கு அதில் இடமில்லை.

வார்டு சளைக்கவில்லை. ஆண்டர்சன் முன்பே கற்பனை செய்துவைத்திருந்த பறக்கும் அணிலையும், 'மூஸ்' என்னும் பெரிய மானையும் கொண்டு 1959-ல் வேறொரு தொடரைத் தொடங்கி நாட்டையே சிரிக்கவைத்தார். ஆண்டர்சன் ஸான்பிரான்ஸிஸ்கோவில் விளம்பரத் தொழிலோடு இருந்துவிட்டார்.

வார்டு 1989-ல் காலமானார். அதன் பிறகுதான், அணிலுக்கும் மானுக்கும் உரிய உரிமைப் பத்திரங்களில் தம் பெயரே இல்லை என்பது ஆண்டர்சனுக்குத் தெரியவந்தது. முயலை அந்நியரிடம் இழந்ததைவிட இதுதான் சுருக்கென்று தைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். எழுபதை ஒட்டிய வயதில் வழக்குப் போட்டார். 1990-களில் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆயிற்று. சிருஷ்டித்தவர் அவரே என்று ஒப்புக்கொண்டார்கள்.