வேளைக்காரரும் கருடரும்: மாண்ட வீரர்தம் நினைவுச் சின்னங்கள்

போரில் மாண்ட வீரனுக்குக் கல்நாட்டிப் போற்றும் மரபு தமிழகத்திற்கும் கன்னட நாட்டிற்கும் பொதுவானதாகும். மன்னனுக்காக உயிர்விடச் சூளுரைத்த சிறப்புப் படைகளும் இரு நாடுகளிலும் இருந்தன. அப்படையினர் எவ்வாறு நினைக்கப்பெற்றனர் என்பதைப் பழைய மைசூர் நாட்டுச் சான்றுகளைத் தமிழ்ச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல்லும் பெயரும்

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல்நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆகோளில் மாண்ட அந்தவன் என்பானின் பெயரைத் தாங்கியுள்ளது. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்னும் நாயின் பெயரும் இடம்பெறுகிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டும் இத்தகையதே. இராசாதித்த சோழன் வீழ்ந்த தக்கோலப் போரைக் (கி.பி. 949) குறிப்பிடும் அக்கல், கங்கன் பூதுகனின் வீரனான மணலேரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்னும் வேட்டைநாய், பன்றியோடு பொருது இறந்ததைக் கூறுகிறது. ஆக, நடுகல் மரபில் நாயும் பெயரிழக்கவில்லை.

படைப்பெயரும் தலைவன் பெயரும்

சோழரின் வேளைக்காரப் படைகளை இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் சுட்டுகின்றன. அப்படைகள் பல, மன்னனின் விருதுப்பெயர்களைத் தம் பெயராகக் கொண்டவை. பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டில் புத்தரின் பல்லைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் ஒரு கூட்டமாகவே ஏற்கின்றனர்.

போசளரிடம் இத்தகு வீரர் கருடர் எனப்பட்டனர். 1220இல் இரண்டாம் வீரவல்லாளன் இறந்தபோது குவர இலக்குமன் என்னும் தண்டநாயகன் உயிர்நீத்ததை அளேபீட்டுத் தூண் கூறுகிறது. தம் கழுத்தைத் தாமே அரியும் வீரர் உருவங்கள் அதில் செதுக்கப்பெற்றுள்ளன. ஆயினும் கல்வெட்டு முதன்மையாகப் போற்றுவது இலக்குமனையே.

இப்போக்கு அண்மைக் காலத்திலும் தொடர்கிறது. 1918 செப்டம்பர் 23 அன்று மைசூர், சோத்பூர்க் குதிரைப்படைகள் ஐபா நகரைக் கைப்பற்றின. 1922இல் தில்லியில் எழுப்பப்பெற்ற தீன்மூர்த்தி நினைவுச் சின்னத்தின் மூன்று உருவங்கள் மைசூர், சோத்பூர், ஐதராபாத் படைகளைக் குறிப்பனவேயன்றித் தனிவீரரைக் குறிப்பன அல்ல.

முடிவுரை

ஊரார் எழுப்பிய கல் இறந்தவனின் பெயரைக் காத்தது. அரசு சார்ந்த சின்னமோ படையையும் தலைவனையும் முன்னிறுத்தியது. படையின் புகழ் வளர வளர, மாண்டவனின் பெயர் பின்தள்ளப்பட்டமை இவற்றால் புலனாகிறது. காக்கப்படாது கிடக்கும் நடுகற்கள் ஒவ்வொன்றும் ஒரு தனிமனிதனின் பெயருக்கு எஞ்சிய ஒரே சான்றாக இருக்கக்கூடும். எனவே அவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தல் ஆய்வாளர் கடமையாகும்.