தீட்டு இருந்த கை

1840களில் வியன்னா பொது மருத்துவமனைக்கு வந்த நிறைமாதப் பெண்களில் சிலர், அனுமதிக்கும் இடத்திலேயே முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். எந்தப் பிரிவில் படுக்கை தரப்படும் என்பதுதான் அவர்களுடைய ஒரே கவலை. முதல் பிரிவு வேண்டாம், இரண்டாம் பிரிவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அது முடியாதபோது, வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று மன்றாடினார்கள்.

ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். அவர்கள் எல்லோரும் ஆண்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். இரண்டு பிரிவுகளும் முறைவைத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டன. எந்த நாளில் வலி எடுக்கிறதோ அந்த நாள்தான் ஒரு பெண்ணின் விதியைத் தீர்மானித்தது. 1846இல் முதல் பிரிவில் பிரசவித்த 4,010 பேரில் 459 பேர் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேர். காரணம் பெரும்பாலும் மகப்பேற்றுக் காய்ச்சல். பிள்ளை பிறந்த சில நாட்களில் குளிர் நடுக்கம், வயிறு உப்பித் தாங்க முடியாத வலி, பிதற்றல், பிறகு மரணம். நம் ஊர்க் கிழவிகள் ஜன்னி என்ற ஒரே சொல்லில் இதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஏழைகள். திருமணமாகாமல் கருவுற்றவர்களும் பலர். இலவச மருத்துவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை, மாணவர்களின் பாடமாகத் தங்கள் உடலைத் தருவது. அவர்கள் புள்ளிவிவரம் படித்தவர்கள் அல்லர். ஆனால் எந்த வாசலுக்குள் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர்கள் அதை அறிவு என்று ஏற்கவில்லை, பயம் என்றார்கள். அந்தப் பயம்தான் காய்ச்சலை உண்டாக்குகிறது என்றும் சொன்னார்கள். ஆண்கள் தொட்டுப் பரிசோதிப்பதால் பெண்ணுக்கு உண்டாகும் வெட்கம் காரணம், காற்றில் பரவும் கெட்ட ஆவி காரணம் என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. சாவுக்குப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு வருவது பெண்களை நடுங்க வைக்கிறது என்று அவருடைய வழியைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். சாவு குறையவில்லை. வழியிலேயே, தெருவில் பிள்ளை பெற்றுவிட்டு வந்த பெண்களுக்கோ இந்தக் காய்ச்சல் அரிதாகவே கண்டது.

முதல் பிரிவில் உதவியாளராக இருந்த ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் இதையெல்லாம் கவனித்துக் குழம்பினார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ஷ்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவர் உடலை அறுத்துப் பார்த்தபோது தெரிந்த அடையாளங்கள், காய்ச்சலில் செத்த பெண்களின் உடல்களில் தெரிந்தவையேதான். நான் இந்த வரலாற்றில் நின்றுவிடும் இடம் இது. நூற்றுக்கணக்கான பெண்களின் உடல்கள் அதே சாட்சியத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஓர் ஆணின் உடல் சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

மாணவர்கள் காலையில் பிணவறையில் அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிணவாடை போகாததைக் கண்ட செம்மல்வைஸ், மே மாதத்தில் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். பிறகு விலை குறைந்த குளோரின் சுண்ணாம்புக்கு மாறினார். நாம் பிளீச்சிங் பவுடர் என்பதும் அதுவே. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டு சொச்சமாகக் குறைந்தது.

அக்டோபரில் இன்னொரு பாடம். கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை முதல் படுக்கையில் பரிசோதித்தவர்கள், சோப்பில் மட்டும் கழுவிவிட்டு அடுத்தடுத்த படுக்கைகளுக்குப் போனார்கள். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் இறந்தார்கள். நஞ்சு பிணத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் இடையே கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

நுண்ணுயிரி பற்றி செம்மல்வைஸுக்குத் தெரியாது. 1879இல் பாரிஸில் லூயி பாஸ்டர், மணிகளைக் கோத்த சங்கிலிபோல் இருக்கும் அந்த உயிரியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற அந்தக் குடும்பத்தை 1933இல் வகை பிரித்துக் காட்டியவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற பெண். நஞ்சுக்கொடி பிரிந்த கருப்பை உள்ளே ஒரு பெரிய திறந்த புண். கை கொண்டுவந்து சேர்க்கும் கிருமி அங்கே பெருகி, வயிற்றறைக்கும் இரத்தத்துக்கும் பரவுகிறது.

ஏழைகளை மட்டும் அது கொல்லவில்லை. பெண்ணுரிமைக்கான முன்னோடி நூலை 1792இல் எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்கு, 1797 ஆகஸ்ட் 30 அன்று லண்டனில் மகள் பிறந்தாள். நஞ்சுக்கொடி இறங்கவில்லை. மருத்துவர் கையை உள்ளே விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். பதினோராம் நாள் மேரி இறந்தார், 38 வயதில். அந்த மகள்தான் பின்னாளில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி. இந்தக் காய்ச்சலை மருத்துவரும் மருத்துவச்சியுமே சுமந்து செல்கிறார்கள், நானும் சுமந்திருக்கிறேன் என்று ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் கார்டன் அச்சிலேயே எழுதி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்பாரில்லை. அரை நூற்றாண்டு கழித்து செம்மல்வைஸுக்கும் அதே கதிதான். கற்றறிந்தவரின் கையில் அழுக்கு இருக்கும் என்பதை அந்தத் தொழிலால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1865இல் மனநலக் காப்பகத்தில், புண்ணில் தொற்று ஏறி அவர் இறந்தார்.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. தனிப் பாய், தனித் தட்டு, தொடக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. அழுக்கின் இருப்பிடம் பெண்ணுடல் என்று முடிவுகட்டிவிட்ட பிறகு, அவளைத் தொடும் கையை யார் சந்தேகிப்பார்கள்? வியன்னாவுக்கு இந்தச் சொல் தெரியாது. ஆனால் அங்கும் குற்றத்தைப் பெண்ணின் பயத்திலும் வெட்கத்திலும் தேடினார்கள். தீட்டு, தொட்ட கையில் இருந்தது.

என் பிரசவத்தின்போது, பக்கத்துப் படுக்கைப் பெண்ணைப் பரிசோதித்த கையுறையோடு ஒருவர் என்னிடம் வந்தார். எனக்கு இந்த வரலாறு அப்போதே தெரியும். கையுறையை மாற்றுங்கள் என்ற இரண்டு சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டன. கத்தினால் திட்டுவார்கள், கேட்டால் முறைப்பார்கள். முனைவர் பட்டம் அந்த மேசையில் உதவவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

சோப்பும் நீரும் என்றால் நாற்பது முதல் அறுபது நொடி, ஆல்கஹால் கரைசல் என்றால் இருபது முதல் முப்பது நொடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொருவரையும் தொடுமுன், தொட்ட பின். கையுறை இதற்கு மாற்று அல்ல. ஆளுக்கு ஆள் அதுவும் மாற வேண்டும். பிரசவத் தொற்று இன்றும் உலகில் தாய்மார்களைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மருந்து இருக்கிறது, சோப்பு இருக்கிறது. கேட்கும் உரிமைதான் இன்னும் படுத்திருப்பவளிடம் வந்து சேரவில்லை.

முழந்தாளிட்ட அந்தப் பெண்களின் பெயர்களை நம்மில் யாரும் சொல்வதில்லை. செம்மல்வைஸுக்குச் சிலைகள் இருக்கின்றன. அவருக்கு முன்பே அவர்கள் எண்ணி முடித்திருந்தார்கள். என் மகளுக்கு வலி எடுக்கும் நாளில் அவள் கெஞ்ச வேண்டாம். கை கழுவினீர்களா என்று கேட்கட்டும்.