சலாபமும் குத்தகையும்

புத்தளம் மாவட்டத்துச் சிலாபத்தின் பெயர், முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்னும் சொல்லை நினைவூட்டும். மண்ணில் எடுத்த பொன் மீண்டும் விளையாது. முத்தோ காத்திருப்பின் விளையும். ஆதலின் இக்கரைமுதல் மன்னார்வரையுள்ள முத்துப்பார்களில், மாதிரிச் சிப்பிகளைச் சோதித்து, முதிர்வு கண்ட பின்னரே அரசினர் சலாபம் நடத்தினர். 1891இன் பின் 1903வரை சலாபமே நிகழவில்லை.

1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. மூன்றிலொரு பங்கு குளியாட்களுக்குரியதாயிற்று. அவ்வளத்தைக் கண்ட அரசு, 1906இல் பார்களை ஆண்டு வாடகைக்கு 20 ஆண்டுக் குத்தகையாக இலண்டன் கம்பனியொன்றுக்கு அளித்தது. 1907இன் பின் பார்கள் வறண்டன. தவணை முடியுமுன்னரே கம்பனியும் கலைந்தது. அடுத்த சலாபம் 1925இலேயே நிகழ்ந்தது.

நீரோட்டமும் சிப்பியுண்ணும் மீன்களும் பார்களை அழிப்பன என்பது உண்மையே. ஆயினும் ஆண்டுதோறும் வாடகை கேட்கும் கணக்கு, ஆண்டுதோறும் விளையாத கடலுக்குப் பொருந்துமாறில்லை.