பரிசிலும் சில்லறையும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிப் புலவர் பெருஞ்சித்திரனார் சென்றார். மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசிற்பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. முகம் பாராமல் தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தருவதாயின் அது தினையளவாயினும் தமக்கு இனியதே என்றும் சொல்லித் திரும்பினார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு உணர்த்தும் செய்தி இது. அதே அதியமான் பரிசில் தரக் காலந்தாழ்த்தியபோது ஔவையார் சினந்து பாடியது 206ஆம் பாட்டு. மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொன்னது இன்னும் நுட்பமானது. வாரி வழங்குவதில் அருமை ஏதுமில்லை, வந்தவருள் யார் எத்தகையர் என்று தேர்ந்து அதற்கேற்ப அளிப்பதே கடினம் என்பது 121ஆம் பாட்டின் கருத்து.

‘எவ்வளவு கொடுப்பது?’ என்னும் வினா தமிழ் மண்ணுக்குப் புதியதன்று என்பதும், அதனைப் பெறுவோர் பக்கம் நின்று முதலில் எழுப்பியோர் புலவர்களே என்பதும் இவற்றால் விளங்கும். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. கிருட்டிணகிரியும் ஓசூரும் 2004 பிப்ரவரி வரை அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தவையே. அந்நிலத்தில் இன்று அவ்வினா அரசவையில் எழுவதில்லை; உணவக மேசையில் எழுகின்றது. சீனி தூவிய சோம்புடன் பில் வந்து நிற்கும்போது உண்டவர் கை சட்டைப்பையைத் தடவுகின்றது. பத்தா, இருபதா, நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கா, ஒன்றுமே வேண்டாமா? அற்பச் செய்தி போலத் தோன்றினும் இதற்குள் ஒரு மனிதரின் கூலி மறைந்து கிடக்கின்றது.

இக்கொடைக்கு வழங்கும் சொற்களை நோக்குக. இனாம் அரபுச் சொல், பக்ஷீஸ் பாரசீகம், டிப்ஸ் ஆங்கிலம். மூன்றும் வந்த சொற்களே. பரிசில் என்னும் நம் சொல்லைப் புலவர்கள் தமக்கென வைத்துக்கொண்டனர் போலும்! எல்லைக்கு அப்பால் உடுப்பி உணவகங்களில் பரிமாறுபவரை ‘மாணி’ என்று அழைப்பர். சிறுவன் என்பது அதன் பொருள். நரைத்த தலையரும் அங்கே மாணிதான். இப்பால் ‘தம்பி’ என்றும் ‘சப்ளையர்’ என்றும் அழைக்கும் வழக்கத்துக்கும் அதற்கும் தொலைவு மிகுதியில்லை.

இனாம் என்ற சொல் தேய்ந்த வரலாறு தனியே கருதத்தக்கது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணைவராயிருந்த தாமஸ் மன்றோவும் அந்நிலத்தை அளந்து வரி வகுத்தனர். 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கும்பினியைச் சேர்ந்தது. அந்நாளைய ஊர்களில் காவலர், வண்ணார், நாவிதர் முதலிய ஊர்ப்பணியாளர்க்கு மாதச் சம்பளம் என ஒன்றில்லை. பணிக்கென விட்ட இனாம் நிலமும், அறுவடைக்குப் பின் களத்தில் அளக்கும் மேரையும் அவர்தம் வாழ்வுக்கு வழி. களத்துமேட்டில் நின்று தம் பங்கைக் கேட்டு வாங்கும் உரிமை அவர்க்கு இருந்தது. அவ்வேற்பாட்டில் சாதியின் தளை இறுகியிருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும் கொடுப்பவர் மனம் குளிர்ந்தால்தான் மேரை என்ற நிலை இல்லை. காசுக் கூலி பரவப் பரவ, நிலத்தையும் உரிமையையும் குறித்த இனாம் என்னும் சொல் ‘சும்மா கிடைப்பது’ என்னும் பொருளுக்கு இறங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் காபி கிளப்புகளும் உடுப்பி உணவகங்களும் பெருகியபோது, யார் எங்கே அமர்ந்து உண்பது என்பதே முதற் பூசலாயிற்று. ‘பிராமணாள்’ என்ற பலகையை எதிர்த்துப் பெரியார் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் நடத்திய கிளர்ச்சி பலரும் அறிந்தது. பரிமாறுபவரின் நிலை மெல்லத்தான் கவனம் பெற்றது. 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், உணவகங்களுக்கெனச் சென்னை மாநிலத்தில் 1958இல் இயற்றப்பட்ட தனிச்சட்டமும் அவ்வகையில் முதற்படிகள். 1957 ஆகஸ்டு 19 அன்று பெங்களூரில் காபி விடுதித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. காபி வாரியம் விடுதிகளை மூடி ஆட்களை வெளியேற்றியபோது ஏ. கே. கோபாலன் ஊக்கத்தால் தொழிலாளரே விடுதிகளை ஏற்று நடத்திய இயக்கத்தின் தொடக்கம் அது. தலைப்பாகையும் இடைவாரும் அணிந்து அங்கே கோப்பை ஏந்தி வருபவர் அவ்விடுதியின் உடைமையாளருள் ஒருவர். அவர் தட்டில் நாணயம் வைப்பவர் முதலாளிக்கே இனாம் தருகின்றார்! 1964இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படம் பரிமாறுபவரையே கதைத்தலைவர் ஆக்கியதும் இக்காலப்பகுதியிலேயே.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் எழுந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்த சிற்றூர், ஷிப்டு நேரத்துக்கு உண்ணும் நகராயிற்று. தனியறையில் தங்கிய இளந்தொழிலாளர் மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்து உண்டனர். மாதக் கணக்கில் அன்றாடச் சில்லறைக்கு இடமில்லை. தீபாவளி வந்தால் பரிமாறுபவர்க்கு ஏதேனும் தருவதோடு சரி. நெடுஞ்சாலை விடுதிகளின் வழக்கம் வேறு. அங்கு உண்பவர் மீண்டும் வருவார் என்ற உறுதியில்லை. பரிமாறுபவரின் முகமும் அவர் நினைவில் நிற்பதில்லை. பெங்களூரிலோ 1980களில் தர்சினி என்னும் நின்றுண்ணும் சிற்றுண்டிச்சாலை பரவி, டோக்கன் வாங்கித் தாமே எடுத்துண்ணும் முறையால் இவ்வினாவையே நீக்கிவிட்டது.

சட்டம் இதில் சொன்னவற்றை உண்போர் பலர் அறியார். ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை விடுதிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976இல் ஒன்றைத் தெளிவாக்கியது. விருந்தினர் தரும் டிப்ஸ் முதலாளி கையிலிருந்து வருவதன்று. ஆதலால் அதனைக் காட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கு வழியில்லை. கடனட்டை வழியே வந்து நிர்வாகம் பகிர்ந்தளிக்கும் டிப்ஸும் சம்பளம் ஆகாது என்று 2016இல் அதே நீதிமன்றம் வருமானவரி வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. பில்லில் தானாகச் சேர்க்கப்படும் சேவைக் கட்டணத்தை எதிர்த்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்காடின. கட்டாயமாக வாங்குதல் முறையன்று என்று 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அந்நெறிமுறையை நிலைநிறுத்தியது. எனவே பில்லில் அவ்வரி இருப்பின் அதனை நீக்கச் சொல்லிப் பரிமாறியவர் கையில் நேரே தரலாம். அதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

இனி அளவு. நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்னும் கணக்கு அமெரிக்க வழக்கம். அங்கு 1966இன் சட்டத்திருத்தம் டிப்ஸைக் கூலியின் பகுதியாகக் கணக்கிட முதலாளிக்கு இடமளித்தது. அவ்வகைப் பணியாளர்க்கு முதலாளி தரவேண்டிய நடுவணரசின் குறைந்த அளவு, மணிக்கு 2.13 டாலர் என 1991 முதல் அசையாமல் நிற்கின்றது. எஞ்சியதை உண்பவர் நிரப்புகின்றார். ராம்பாக் தீர்ப்பு மறுத்தது இவ்வேற்பாட்டைத்தான். அவ்விகிதத்தை அப்படியே இங்குக் கொணர்வது காரணத்தை விட்டு எண்ணை மட்டும் இறக்குமதி செய்வதாகும். மேலும் விகிதக் கணக்கு விலையைப் பின்தொடர்கிறதேயன்றி உழைப்பை அன்று. அறுபது ரூபாய் இட்டிலி வடையைச் சுமந்து, சட்னி சாம்பாருக்கு மும்முறை நடந்தவரின் கால், நானூறு ரூபாய் பிரியாணியை ஒருமுறை வைத்துச் சென்றவரின் காலைவிடக் குறைவாக வலிப்பதில்லை. சிற்றுணவகத்தில் பத்து இருபது ரூபாயும், குடும்பத்தோடு அமர்ந்து ஒரு மணி நேரம் ஏவல் கொண்ட இடத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையும் தருவது தகும். கபிலர் சொன்ன தேர்ச்சி விகிதத்தில் இல்லை, மேசைக்கு வந்த கால்களை எண்ணுவதில் இருக்கின்றது.

ஓசூர் விடுதிகளில் இன்று பரிமாறுவோருள் ஒடிசா, பீகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர். ‘இன்னும் கொஞ்சம் சாம்பார்’ என்பதை முதலிற் கற்றுப் பின் தமிழ் கற்பவர்கள். அவர்தம் பெயரைக் கேட்போர் சிலரே. உள்ளே கல்லடியில் நிற்கும் தோசை மாஸ்டரையும் மேசை துடைப்பவரையும் டிப்ஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. கல்லாவருகே பொதுப்பெட்டி வைத்துப் பகிரும் இடங்களில் மட்டும் அவர்க்கும் பங்குண்டு. 2016க்குப் பின் யு.பி.ஐ. பரவியதால் தட்டில் மீந்த சில்லறையும் அருகிவிட்டது. மேசையில் ஒட்டிய சதுரக்குறி உரிமையாளரின் கணக்குக்குரியது. அதில் பத்து ரூபாய் கூட்டிப் போட்டால் அது பரிமாறியவரைச் சேரும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. இதற்காகவே, பில்லைக் கைபேசியில் கட்டிவிட்டுப் பத்து ரூபாய்த் தாளொன்றைச் சட்டைப்பையில் தனியே மடித்து வைத்திருப்போர் இவ்வெல்லைப் பகுதியில் இன்றும் உளர்.